நெல் வயலில் குதிரைவாலிப் புல்: நாற்றிலேயே பிடிப்பது எப்படி?

நெல் வயலில் எத்தனை களை வந்தாலும், என்னைக் கேட்டால் முதலில் கவனிக்க வேண்டியது குதிரைவாலிப் புல்தான். நெல்லோடு நெல்லாக நின்று, நெல் அறுவடைக்கு வருவதற்குள் விதையை உதிர்த்துவிடும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், அதில் பல வருடக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும்.

முதல் வேலை, அடையாளம் காண்பது. இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வும், தண்டைத் தழுவும் சிறு காதுகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் இரண்டுமே கிடையாது, வழவழப்பாக இருக்கும். நிறத்தையும் உயரத்தையும் நம்ப வேண்டாம். தலைமுறை தலைமுறையாகக் கைக்களை எடுத்ததில், வேறுபட்டுத் தெரிந்தவை பிடுங்கப்பட்டு, நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும் வகைகள் தப்பிப் பெருகியிருக்கின்றன. நாற்று பறிக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நாற்றுக் கட்டோடு சேர்த்துக் களையையும் நாமே நட்டுவிடுவோம்.

அடுத்து, நடவுக்கு முன்பே விதையை ஏமாற்றி முளைக்க வைக்கலாம். நிலத்தைத் தயார் செய்து, லேசாகத் தண்ணீர் காட்டி இரண்டு வாரம் விடுங்கள், முளைத்து வந்ததை மேலாக உழுது அழியுங்கள். ஆழமாக உழுதால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்துவிடும், அப்புறம் செய்த வேலை வீண்.

நட்டபின் தண்ணீர்தான் பெரிய ஆயுதம். நாற்று பிடித்ததும் 5 செ.மீ. அளவுக்கு நீர் நின்றால் புதிதாக முளைப்பது வெகுவாகக் குறையும், ஆனால் வயல் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மேடு தெரியும் இடத்தில்தான் புல் கூட்டமாகக் கிளம்பும். ஏற்கெனவே தண்ணீருக்கு மேல் தலைநீட்டிவிட்ட செடியை நீர் ஒன்றும் செய்யாது. வரிசை நடவு என்றால் 10 நாளிலிருந்து கோனோவீடர் (வரிசைகளுக்கு நடுவே தள்ளிக் களையெடுக்கும் கைக்கருவி) ஓட்டுங்கள், செடியோரம் தப்பியதைக் கையால் எடுங்கள். முதல் 40 நாள் வயல் சுத்தமாக இருந்தால் விளைச்சல் பெரிதாக அடிபடாது.

களைக்கொல்லி தேவைப்பட்டால் புல் இரண்டு மூன்று இலையோடு இருக்கும்போதே அடியுங்கள். பிஸ்பைரிபேக் சோடியம் என்றால் தண்ணீரை வடித்து, இலையில் படும்படி தெளித்து, ஓரிரு நாளில் மறுபடி கட்டுங்கள். அளவு லேபிளில் உள்ளபடிதான். ஒரே மருந்தை வருடா வருடம் அடித்ததால் பல நாடுகளில் இந்தப் புல் அதைத் தாங்கப் பழகிவிட்டது, அதனால் வேறு வகையில் செயல்படும் மருந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்கும் தப்பியது கதிர் விடும் முன் வேரோடு வர வேண்டும். கதிர் வந்துவிட்டால் வரப்பில் போடாதீர்கள், வெட்டிய கதிரிலும் விதை முற்றும். சாக்கில் கட்டி வயலைவிட்டு வெளியே கொண்டுபோங்கள், அறுவடை இயந்திரத்தையும் உள்ளே இறக்கும் முன் நன்றாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.