பெரிய கொம்பனித் தலைவர்மாருக்கு எவ்வளவு போகுது எண்டு அறிக்கையில பாக்கிறது எப்பிடி

எங்கட பக்கத்தில கொஞ்சம் வங்கி ஷெயரோ வேற கொம்பனி ஷெயரோ வைச்சிருக்கிற ஆக்கள் டிவிடென்ட் எவ்வளவு விழுந்தது எண்டு பாப்பினம், விலை ஏறினதோ இறங்கினதோ எண்டு போனில பாப்பினம், ஆனா அந்தக் கொம்பனியை நடத்திறவைக்கு எங்கட காசில இருந்து எவ்வளவு போகுது எண்டு அறிக்கையைத் திறந்து பாக்கிறது குறைவு. கட்டாயம் பாக்கவேணும். அது பங்குதாரருக்கெண்டே எழுதி வைச்சிருக்கிற கணக்கு.

முதல் அமெரிக்காவைப் பாப்பம், ஏனெண்டா அங்க ஆள் ஆளாப் பிரிச்சுக் காட்டவேணும் எண்டு சட்டம் இருக்கு, அதை வாசிக்கப் பழகினா மற்ற நாட்டு அறிக்கையும் லேசா விளங்கும். வருசாந்தக் கூட்டத்துக்கு முன்னம் பங்குதாரர் வாக்குப் போட முன்னம் வாசிக்கிறதுக்கு கொம்பனி புரொக்ஸி ஸ்டேட்மென்ட் எண்டு ஒண்டு வெளியிடும், எஸ்ஈசி எண்ட அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பின்ர எட்கர் தளத்தில கொம்பனி பேரை அடிச்சு டெஃப் 14ஏ (DEF 14A) எண்ட படிவத்தைத் திறந்தாச் சரி, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நூறு பக்கம் இருக்கெண்டு பயப்பிடாதேங்கோ. தேடவேண்டியது சமரி கொம்பன்சேஷன் டேபிள் எண்ட அட்டவணை. சீஈஓ எண்ட தலைமை நிறைவேற்று அதிகாரி, சீஎஃப்ஓ எண்ட நிதித் தலைவர், அவைக்கு அடுத்ததா கூட எடுக்கிற மூண்டு பேர், எல்லாரின்ர கணக்கும் அதில பேரோட இருக்கும்.

உதாரணத்துக்கு அப்பிள் கொம்பனி, அந்த நேரம் சீஈஓவா இருந்த டிம் குக்குக்கு 2023 நிதியாண்டுக்குக் காட்டின மொத்தம் ஏறக்குறைய 63.2 மில்லியன் டொலர். பேப்பர்காரர் அதைத்தான் தலைப்பில போடுவினம். ஆனா வரியை வடிவாப் பாத்தா சம்பளம் 3 மில்லியன்தான், இலக்கை எட்டினதுக்குக் காசாக் குடுத்தது 10.7 மில்லியன் அளவில, பாதுகாப்புச் செலவு, பிளேன் பயணம் மாதிரியான மற்றதுகள் 2.5 மில்லியன், மிச்சம் கிட்டத்தட்ட 47 மில்லியனும் பங்கு. அந்த 47 மில்லியன் அந்த வருசம் கைக்கு வந்த காசில்லை. பங்கு தரப்போறம் எண்டு முடிவெடுத்த அண்டு என்ன பெறுமதியோ அதை முழுசா அந்த வருசத்திலயே எழுதச்சொல்லுது விதி. வடலி நட்ட அண்டைக்கே நுங்கை எண்ணி எழுதிற கணக்கு இது. அந்தப் பங்கில முக்கால்வாசி நிபந்தனையோட குடுத்தது, மற்றப் பெரிய கொம்பனியளோட ஒப்பிடேக்க அப்பிள் பங்கு எப்பிடிப் போகுது எண்டதைப் பொறுத்து ஒண்டும் கிடைக்காமலும் போகலாம், இலக்குக்கு இரண்டு மடங்காவும் வரலாம்.

அதால மொத்தத்தைப் பாத்தவுடன முடிவெடுக்காதேங்கோ. இன்னும் கொஞ்சம் கீழ போனா ஒப்ஷன் எக்ஸர்சைஸஸ் அண்ட் ஸ்டொக் வெஸ்டட் எண்டு வேற ஒரு அட்டவணை வரும், முந்தின வருசங்களில குடுத்த பங்கில இந்த வருசம் உண்மையா அவற்ற கைக்கு வந்தது எவ்வளவு எண்டு அதில கிடக்கு. இரண்டு அட்டவணையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, ஆனா ஒண்டோட ஒண்டைக் கூட்டாமப் பாக்கவேணும், கூட்டினா ஒரே பங்கை இரண்டு தரம் எண்ணின மாதிரி ஆகிடும். அட்டவணைக்கு அடியில சின்ன எழுத்தில இருக்கிற குறிப்பையும் விடாதேங்கோ. நிபந்தனைப் பங்கு உச்சத்துக்குப் போனா எவ்வளவு பெறும் எண்டது வழமையா அங்கதான் இருக்கும்.

பிறகு கொம்பன்சேஷன் டிஸ்கஷன் எண்ட பகுதி. நீளமா, தங்களைத் தாங்களே மெச்சித்தான் எழுதியிருப்பினம், இரண்டு விசயத்தை மட்டும் அதில பிடியுங்கோ. போனஸுக்கு எந்த லாபத்தை அளவா எடுத்தவை, கணக்கில காட்டின லாபமோ இல்லாட்டி சில செலவுகளைக் கணக்கில எடுக்காம விட்டுப்போட்டு அட்ஜஸ்டட் எண்டு சொல்லுற லாபமோ? மற்றது, ஆரோட ஒப்பிட்டுச் சம்பளத்தைத் தீர்மானிச்சவை? தங்களிலும் பெரிய கொம்பனியளாப் பாத்து அடுக்கியிருந்தா சம்பளமும் தன்பாட்டில மேல போகும். என்னைக் கேட்டா முழு அறிக்கையிலயும் கேள்வி கேக்கவேண்டிய முதல் இடம் இதுதான்.

அமெரிக்காவில 2010 டொட் ஃபிராங்க் எண்ட நிதிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பங்குதாரர் சம்பளத்துக்கு வாக்குப் போடலாம், ஆனா அது ஆலோசனை வாக்குத்தான், கொம்பனியைக் கட்டுப்படுத்தாது. சீஈஓவின்ர சம்பளம் நடு ஊழியரின்ர (எல்லாரையும் சம்பளப்படி வரிசையா அடுக்கினா நடுவில வாறவர்) சம்பளத்தைப்போல எத்தினை மடங்கு எண்டதும் போடவேணும். கணக்கைப் பிழையெண்டு திருத்தவேண்டி வந்தா முந்தின மூண்டு வருசத்தில கூடக் குடுத்த ஊக்கத்தொகையைத் திருப்பி வாங்கவும் வேணும். லண்டனில லிஸ்ட் ஆன பிரித்தானியக் கொம்பனி எண்டா சம்பளக் கொள்கைக்குக் குறைஞ்சது மூண்டு வருசத்துக்கு ஒருக்கா வாக்கெடுப்பு, அது கட்டுப்படுத்தும்.

இனி எங்கட நாடு. கொழும்பு பங்குச் சந்தைத் தளத்தில கொம்பனி பேரைக் குடுத்து ஆண்டறிக்கை பிடிஎஃபை இறக்குங்கோ. ஆள் ஆளாப் பிரிச்ச அட்டவணையை இஞ்ச எதிர்பாக்காதேங்கோ, பெரும்பாலும் மொத்தமாத்தான் இருக்கும். 2007 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பணிப்பாளர்மாருக்குக் குடுத்ததை ஆண்டறிக்கையில போடவேணும். அதைவிட எல்கேஏஎஸ் 24 எண்ட கணக்கியல் நியமத்தில கீ மனேஜ்மென்ட் பேர்சனல், அதாவது கொம்பனியை நடத்திற முக்கிய ஆக்கள், எண்டு ஒரு குறிப்பு இருக்கு, ரிலேட்டட் பார்ட்டி (கொம்பனியோட தொடர்புள்ள தரப்பு) எண்ட தலைப்புக்குக் கீழ, அறிக்கையின்ர கடைசிப் பக்கங்களில வரும். குறுங்கால நலன், வேலை விட்ட பிறகு வாற நலன், பங்கு அடிப்படையில குடுத்தது எண்டு பிரிச்சிருப்பினம். ஜோன் கீல்ஸ் மாதிரி ஊழியருக்கு ஷெயர் ஒப்ஷன் (முன்னமே குறிச்ச விலைக்குப் பங்கு வாங்கிற உரிமை) குடுக்கிற கொம்பனி எண்டா அதுக்கான குறிப்பையும் சேர்த்துப் பாருங்கோ.

அந்தக் குறிப்பில குரூப் (துணைக் கொம்பனியளையும் சேர்த்து) எண்டும் கொம்பனி (தாய்க் கொம்பனி மட்டும்) எண்டும் இரண்டு நிரல் இருக்கும், கனபேர் தடுமாறுற இடம் இது, இந்த வருசத்துக்குக் குரூப்பையும் போன வருசத்துக்குக் கொம்பனியையும் எடுத்தா எல்லாம் பிழைச்சுப்போகும், ஒண்டை எடுத்தா முழுக்க அதையே பிடியுங்கோ. பிறகு ஒரு கொப்பியில ஐஞ்சு வருசத்துக்கு நாலு தொகையை எழுதுங்கோ: கீ மனேஜ்மென்டுக்குப் போன மொத்தம், முழு ஊழியர் செலவு, வரிக்குப் பிந்தின லாபம், ஒரு பங்குக்குக் குடுத்த டிவிடென்ட். லாபமும் டிவிடென்டும் விழுந்த வருசத்தில முதல் தொகை மட்டும் ஏறியிருந்தா காரணம் கேக்கவேணும். ஆனா அந்த வருசம் ஆக்களின்ர எண்ணிக்கை கூடினதோ, ஆரும் விலகிப்போய் பெரிய தொகை எடுத்தவையோ எண்டு ரெமுனரேஷன் கொமிட்டி, அதாவது சம்பளக் குழுவின்ர அறிக்கையில பாத்திட்டுக் கேளுங்கோ, இல்லாட்டி கேள்வி நிக்காது.

கேக்கிறதுக்குக் கொழும்புக்கு பஸ் ஏறத்தான் வேணும் எண்டில்லை, சில கொம்பனியள் இப்ப ஏஜிஎம் எண்ட வருசாந்தப் பொதுக் கூட்டத்தை ஒன்லைனில நடத்துகினம். நோட்டீஸ் வந்த கையோட கேள்வியைப் பக்க இலக்கம், குறிப்பு இலக்கம் போட்டு கொம்பனி செக்ரட்டரிக்கு எழுத்தில அனுப்புங்கோ. நீங்கள் போகாம வேற ஆளைப் பிரதிநிதியா அனுப்புறதெண்டா புரொக்ஸி படிவத்தை வழமையா கூட்டத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்னம் குடுக்கவேணும், நேரம் நோட்டீஸிலயே இருக்கும்.