வெயிலும் களிம்பும்: சருமத்திற்கு நாமே தேடிக்கொள்ளும் கேடுகள்

சித்திரை மாதத்தில் காரைக்குடிப் பக்கத்து மொட்டை மாடிகளில் வடகமும் மோர்மிளகாயும் காயும். காலை 11 மணிக்குக் குனிந்து அமர்ந்து அவற்றைப் புரட்டிப்போடும் ஆச்சியிடம் வெயிலைப் பற்றிச் சொன்னால், "கறுத்த தோலை வெயில் என்ன செஞ்சிரும்?" என்பார். மெலனின் நிறமி நமக்கு ஓரளவு காப்பு என்பதும், வெள்ளையரைக் காட்டிலும் நம்மவர்க்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் கன்னத்தில் படரும் மங்கு என்னும் கருந்திட்டு வெயில் பட்டால் மேலும் கறுக்கும். சுருக்கமும் முந்தி வரும். வடகத்தை விடியலிலேயே பிழிந்துவிட்டு, புரட்டும் வேலையை மாலை 4 மணிக்குத் தள்ளிவைக்கலாம். முடியாதபோது சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொள்வதும் நல்ல காப்பே. எஸ்.பி.எஃப். (வெயில் காப்பின் அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும். பொட்டளவு எடுத்துத் தடவினால் அந்தப் பலன் கிடைக்காது. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசி, வெயிலில் இருக்கும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

நிறம் கூடுமென்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது கூடாது. கொப்புளம் எழுந்து, மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பு மிஞ்சும்.

இவை எல்லாவற்றிலும் கொடியதாக நான் கருதுவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பைத்தான். தொடையிடுக்கில் அல்லது இடுப்புச் சேலைக்கட்டில் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று வருகிறது. வெட்கத்தால் யாரிடமும் காட்டாமல், பக்கத்து வீட்டார் சொன்ன டியூபை வாங்கிப் பூசுகிறோம். அதில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்திருந்தால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அடங்கியது அரிப்புதானே தவிர, பூஞ்சை அன்று. தோலின் எதிர்ப்பாற்றல் ஒடுங்கியதும் அது அகலமாகப் பரவும். வளைய வடிவம் கலைந்துபோவதால், பிறகு மருத்துவர் பார்த்தாலும் இன்னதென்று எளிதில் அடையாளம் தெரியாது. பல மாதம் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, பிரசவ வரிபோன்ற கோடுகள் விழும். அவை முழுதாக மறைவதில்லை. சிவப்பழகுக்காக இதே களிம்பை முகத்தில் பூசும் பெண்பிள்ளைகளுக்குப் பருவும் பூனைமுடியும் வருகின்றன. நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மீண்டும் அதையே தேடிப் போகிறார்கள். வீட்டில் யாரேனும் இந்நிலையில் இருந்தால் கடிந்துகொள்ளாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படர்தாமரைக்குரிய சரியான மருந்தைத் தடம் மறைந்த பின்னும் அவர் சொல்லும் நாள்வரை தொடர வேண்டும். அரிப்புள்ள மற்றவர்களும் சேர்ந்தே சிகிச்சை பெற வேண்டும். துண்டும் உள்ளாடையும் அவரவர்க்குத் தனியாக இருக்க வேண்டும்.

ஆத்தங்குடியில் பூவேலைத் தரைக்கல் செய்யக் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றும் கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும் கடுங்காரம். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும், அது ஒருமுறை பற்றிவிட்டால் அடுத்தடுத்துத் தொடும்போதெல்லாம் கரப்பான் என்னும் அரிப்புத் தடிப்பு கிளம்பும். வேலை முடியட்டும் என்று சாந்தோடு இருப்பது தவறு. பட்டவுடன் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்; ரப்பர் கையுறைக்குள் சாந்து புகுந்துவிட்டால், கையுறை இல்லாததைவிடத் தீங்கு அதிகம் என்பதால் அதை உடனே கழற்றிவிட வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்போரில் சர்க்கரை நோயுள்ளவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தார்ச்சாலையின் சூடும் முள் குத்தியதும் தெரியாது. புறப்படுமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, வெறுங்காலோடு நடக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஒவ்வோர் இரவும் தங்குமிடத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் உடன்வருபவர் விளக்கொளியில் பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தாமல், சுத்தமான துணியால் மூடி, மறுநாள் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.