ஒப்பந்தம் போட்டதால் முதலீடு வந்ததா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

மதுரையில் முதுகலைப் பொருளியல் படிப்பவர் இந்தத் தலைப்பை எடுத்தால், ஒரே வரைபடத்தில் வேலையை முடித்துவிடத் தோன்றும். ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் போடும் முதலீட்டுக்குப் பாதுகாப்புத் தருவதாக இரு நாடுகள் செய்துகொள்வது இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம். இந்தியாவின் முதல் ஒப்பந்தம் 1994இல் பிரிட்டனோடு. அதன்பின் அந்நிய முதலீடு ஏறியது. ஆக, ஒப்பந்தம்தான் காரணம் என்று எழுதிவிடலாம். ஆனால் 1991இலேயே அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டோமே! ஒப்பந்தம் இல்லாமலும் அந்தக் கோடு ஏறியிருக்கும்.

முதலில் ஒப்பந்தப் பட்டியல். ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாடுவாரியாக நான்கு தேதிகளை அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் குறியுங்கள்: கையெழுத்து, அமல், ரத்து, ரத்துக்குப் பின்னும் பழைய முதலீட்டுக்குப் பாதுகாப்பு நீடிக்கும் கடைசி நாள். நெதர்லாந்து ஒப்பந்தம் 2016 டிசம்பரில் முடிந்தது. ஆனால் அதற்குமுன் வந்த பணத்துக்கு மேலும் 15 ஆண்டு பாதுகாப்பு உண்டு. கையெழுத்துத் தேதியை மட்டும் நம்பினால் பிரேசிலில் சறுக்குவீர்கள்: 1990களில் 14 ஒப்பந்தம் போட்டு ஒன்றையும் அமலுக்குக் கொண்டுவரவில்லை, பணம் மட்டும் கொட்டியது. சிங்கப்பூர் (2005), ஜப்பான் (2011) வர்த்தக உடன்பாடுகளுக்குள்ளேயே முதலீட்டு அத்தியாயம் இருக்கிறது. அங்கே ஒப்பந்தம் இல்லை என்று பூஜ்யம் போடாதீர்கள்.

அடுத்து பணம். மத்தியத் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் காலாண்டு அறிக்கையில் நாடுவாரிக் கணக்கு பங்கு மூலதனத்துக்கு மட்டுமே. மொத்தத் தொகையில் மறுமுதலீடு செய்த லாபமும் சேரும். 2021-22இல் மொத்தம் சுமார் 8,480 கோடி டாலர், பங்கு மூலதனம் சுமார் 5,880 கோடி. இரண்டையும் கலந்தால் கணக்கு கெட்டது. ரூபாயில் எடுக்கவும் வேண்டாம், ரூபாய் சரிவே வளர்ச்சிபோலத் தெரியும். மாநிலவாரிக் கணக்கு 2019 அக்டோபரிலிருந்துதான்; மாவட்டக் கணக்கு அதில் இல்லை, மதுரைக்கு எவ்வளவு என்று தேடி நாளை வீணாக்காதீர்கள்.

பெரிய பொறி மொரிஷியஸ். 2017-18இல் சுமார் 1,590 கோடி டாலர், மறு ஆண்டில் சுமார் 810 கோடி. இந்தச் சரிவுக்கு ஒப்பந்த ரத்துதான் காரணம் என்று தோன்றும். அந்த நாட்டு ஒப்பந்தம் 2017 மார்ச்சில் முடிந்தது, உண்மை. ஆனால் 2017 ஏப்ரல் 1 முதல் அவ்வழியாக வாங்கும் பங்குகளுக்கு மூலதன ஆதாய வரி வந்தது. வரியை மிச்சப்படுத்த வந்த பணம் வரி வந்ததும் போகும். ஆகவே மொரிஷியஸைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை கணக்கிடுங்கள். முடிவு தலைகீழானால் உங்கள் முடிவு ஒரு தீவை நம்பி நிற்கிறது.

அடுத்து கணக்கு. ஒரு நாடு, ஓர் ஆண்டு என்றால் அட்டவணையில் ஒரு கிடைவரிசை. நாட்டுக்கும் ஆண்டுக்கும் நிலை விளைவுகள் (fixed effects) போடுங்கள்; ஒவ்வொரு நாட்டின் மாறாத தன்மையும், எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஆண்டு ஏற்ற இறக்கமும் கழிந்துவிடும். முதலீடே இல்லாத ஆண்டுகளில் மடக்கை எடுக்க முடியாது. எல்லாத் தொகையோடும் 1 கூட்டிச் சமாளிக்காமல், பூஜ்யத்தையும் அப்படியே ஏற்கும் பாய்சான் (Poisson) மாதிரியைப் பயன்படுத்துங்கள். ஒப்பந்தத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைக் குறிக்கவும் ஒரு மாறி வையுங்கள். அதிலேயே ஏற்றம் தெரிந்தால், பணம் முதலில் வந்தது, ஒப்பந்தம் பின்னால் வந்தது என்று பொருள்.

உலக அளவிலும் விடை ஒன்றல்ல. இரு நாடுகளுக்கிடையிலான முதலீட்டு வரத்தைப் பார்த்த உலக வங்கி ஆய்வுக்கு (2003) விளைவு அரிதாகவே தென்பட்டது. ஒரு நாடு போட்ட ஒப்பந்தங்களையும் அதன் மொத்த முதலீட்டையும் வைத்து நியூமேயர், ஸ்பெஸ் என்ற ஆய்வாளர்கள் 2005இல் செய்த ஆய்வில் ஏற்றம் தெரிந்தது. நீங்கள் அளப்பது எதை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளூர்ச் சான்று வேண்டுமா? மதுரையில் ஹனிவெல் என்ற அமெரிக்க நிறுவனம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவோடு நமக்கு இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் கிடையாது. இத்தகைய நிறுவனங்களில் வினாத்தாள் கொடுத்தால், "ஒப்பந்தம் உங்களை ஈர்த்ததா?" என்று நேராகக் கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். ஆள், நிலம், மின்சாரம், வரி, தூத்துக்குடித் துறைமுகத் தூரம் இவற்றோடு ஒப்பந்தத்தையும் கலந்து, முதல் மூன்றை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.