"ஆர்ட்ஸ் காலேஜா?" என்று தயங்கும் பெற்றோருக்கு

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவர்கள், கல்லூரித் தேர்வைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் ஒரு பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்' என்றதும், இன்ஜினியரிங் சீட் கிடைக்காதவர்கள் சேரும் ஆர்ட்ஸ் காலேஜ் என்ற ஊர் நினைப்பே நமக்கு முதலில் வருகிறது. இங்கே அது இயற்பியல், கணிதம், கணினி அறிவியல், பொருளாதாரம், தத்துவம் என எல்லாவற்றையும் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்காகவே கற்பிக்கும் சிறிய கல்லூரியைக் குறிக்கிறது. அது எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைப்புப் பெற்றதன்று. பட்டத்தைத் தானே வழங்குகிறது.

இக்கல்லூரிகளின் பெயர்கள் நமக்குத் தெரியாமல் இருப்பதற்குத் தரம் காரணமன்று. நம் ஊரிலிருந்து வருபவர்களில் மிகப் பலர் எம்.எஸ். படிக்க வந்தவர்கள், இச்சிறு கல்லூரிகளில் பெரும்பாலும் எம்.எஸ். படிப்பே இல்லாததால், நம்மவர் அங்கே விண்ணப்பித்ததும் அரிது, உறவினரிடம் சொன்னதும் அரிது. ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 60,000 பேர் படிக்கிறார்கள். அதன் அமெரிக்கக் கால்பந்து அணி தொலைக்காட்சியில் ஆடுகிறது. 1793-இல் தொடங்கிய வில்லியம்ஸ் கல்லூரியில் படிப்பவர்கள் சுமார் 2,000 பேர்தான். அமெரிக்கக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் தரவரிசையும் இவ்விரு வகைகளைத் தனித்தனிப் பட்டியல்களாக வெளியிடுவதால், பல்கலைக்கழகப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் வில்லியம்ஸோ அதைப் போன்ற ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியோ படவே படாது.

ஆனால், தெரிய வேண்டியவர்களுக்கு இப்பெயர்கள் நன்றாகத் தெரியும். 1989-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக் அயோவா மாநிலத்துக் கிரினல் கல்லூரியிலும், 2020-இல் அதே பரிசைப் பெற்ற ஜெனிஃபர் டவுட்னா கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியிலும் இளநிலை படித்தவர்கள். மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பின்னாளில் பிஎச்.டி. முடிப்பவர்களை மிகுதியாக அனுப்பும் நிறுவனங்களில் ஸ்வார்த்மோர், ரீட், கார்ல்டன் போன்ற கல்லூரிகள் முன்வரிசையில் நிற்கின்றன. ஆகவே முனைவர் பட்ட மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்களுக்கு இப்பெயர்கள் புதியவை அல்ல.

என் மகளோடு அப்படியொரு கல்லூரிக்குச் சென்றபோது ஒரு வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள். ஒரே மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தார்கள். முந்தைய வாரம் ஒரு மாணவி எழுதியிருந்த கட்டுரையின் இரண்டாம் பத்தியை எடுத்துக்கொண்டு, அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று பேராசிரியர் கால் மணி நேரம் விடாமல் கேட்டார். நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் என் எழுத்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே ஏற்றது என்று நான் சொல்லவில்லை. ஸ்வார்த்மோர், ஸ்மித், ஹார்வி மட் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலானவற்றில் பொறியியல் பட்டம் கிடையாது. இந்தியாவுக்குத் திரும்பி வேலை தேட நினைப்பவர்கள், கல்லூரியின் பெயரை ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்ல நேரிடலாம். அது உண்மையான இழப்பே. நிதி வலுவில்லாத சிறு கல்லூரிகள் மூடப்படுவதும் உண்டு: 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி 2024-இல் மூடப்பட்டது. ஆகவே கல்லூரி நன்கொடைகளைச் சேர்த்து முதலீடு செய்து வைத்திருக்கும் அறக்கட்டளை நிதி (எண்டோமென்ட்) எவ்வளவு என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கட்டணத்தைக் கண்டு உடனே பின்வாங்கிவிடாதீர்கள். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டணம் பெரும்பாலும் குறைவு என்பது மெய்தான். எனினும் நிதி வளமுள்ள கல்லூரிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் பெருந்தொகையை உதவியாகத் தருகின்றன. வில்லியம்ஸ் 2022 முதல் தன் நிதி உதவியில் கடனையே நீக்கிவிட்டது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளைகளுக்கான விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடுவதால், உங்கள் விசா நிலையைக் குறிப்பிட்டு, நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் பெற்ற பிறகே விண்ணப்பியுங்கள்.