பரீட்சைக்கும் படிக்கணும், பிள்ளைகளையும் வெளியே கூட்டிப்போகணும்

காரைக்குடியில் ஒரு வங்கியில் கிளார்க்காக இருக்கிறேன். ஆபீசராக வேண்டும் என்று ஆசை. அதற்காக வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி பரீட்சை எழுதுகிறேன். நாலு பேப்பர், வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். வீட்டில் ஆறாம் வகுப்பு ஒன்று, யுகேஜி ஒன்று. உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் காலண்டரை எடுங்கள். இரண்டாம், நான்காம் சனி வங்கிக்கு லீவு, 2015 செப்டம்பரிலிருந்து. அந்தச் சனிக்கிழமைக் காலை பிள்ளைகளுக்கு, மதியம் புத்தகத்துக்கு. ஞாயிற்றுக்கிழமையில் ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். மாவாட்டுவதும் யூனிபார்ம் துவைப்பதும் யார் செய்வது?

அரை நாளில் திரும்பிவிடுகிற இடமாகப் பாருங்கள், ஏறி இறங்குகிற இடம் என்றால் இன்னும் நல்லது. குன்றக்குடி மலையேறி, அப்படியே பிள்ளையார்பட்டி பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தால், சாப்பிட்ட கையோடு சின்னவன் சுருண்டுவிடுவான். அந்த நேரத்தில் அக்கவுண்ட்ஸ் பேப்பரைத்தான் எடுக்கணும். மற்றதை அடுப்படியில் நின்றுகூடப் படித்துவிடலாம், ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், அப்படி வராது. திருமயம் கோட்டைக்கும் போகலாம், ஆனால் பங்குனி, சித்திரையில் வேண்டாம். பாறை காலைப் பொசுக்கிவிடும். மார்கழி, தையில் வேட்டங்குடிக்குப் போனால் பறவை பார்க்கலாம்.

புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போகாதீர்கள். பையில் இருந்தால் மனசு அதிலேயே கிடக்கும், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். பாடத்தை உங்கள் குரலிலேயே போனில் பதிந்துகொண்டு, திரும்பும் பஸ்ஸில் அவர்கள் தூங்கும்போது கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அலுக்காத இடம் ஆத்தங்குடி. டைல்ஸ் போடும் கொட்டகையில் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றால் போதும். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, மேலே பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் கலர் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, காய்ந்த பிறகு கண்ணாடியை எடுத்தால் மினுமினுப்பு. என் மகள் வாயே திறக்காமல் பார்க்கும் காட்சி உலகத்தில் இது ஒன்றுதான்.

கானாடுகாத்தானில் செட்டியார்கள் கட்டிய அரண்மனை மாதிரி வீடுகளைப் பார்த்தால் “இவ்வளவு காசு எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்று கட்டாயம் கேட்பார்கள். விட்டுவிடாதீர்கள். பர்மாவில் அவர்கள் நடத்திய வட்டித் தொழில், 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று சொல்லிக்கொண்டே போங்கள். எதற்கு வட்டி, அடமானம் என்றால் என்ன என்று பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியவைத்தால் உங்களுக்குப் பாதி ரிவிஷன் முடிந்தது.

டிரான்ஸ்பர் பேச்சை ஒளிக்காதீர்கள். புரமோஷன் வந்தால் ஊர் மாறவேண்டி வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அதையும் இந்த மாதிரி வெளியே போகும்போது சொல்லுங்கள். வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்தால் பஞ்சாயத்தாகிவிடும். “பிள்ளைகள விட்டுட்டு எங்க போகப்போற?” என்று கேட்ட என் மாமியார், ஆத்தங்குடி மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “திருச்சின்னா நானும் வந்துருவேன்” என்றார்கள். திருச்சியே கிடைக்கும் என்று யார் சொன்னது? சரி, அதைப் பிறகு பார்க்கலாம்.

பரீட்சைக்கு முந்தின மூன்று வாரம் வெளியூர் கிடையாது. சாயங்காலம் கொப்புடையம்மன் கோயில் வரை, அவ்வளவுதான். மதுரையில் சென்டர் விழுந்தால் எல்லாரையும் கூட்டிப் போய்விடுங்கள். இரண்டு மணி நேரப் பரீட்சை, அதற்குள் அவர்களை அப்பா காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப்போய் வரட்டும். ஹாலுக்குள் போன் எடுத்துப்போக முடியாது என்பதால், எந்தக் கேட்டில், எத்தனை மணிக்கு என்று உள்ளே போகுமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.