பெங்களூரு கல்லூரியில் பறை வகுப்பு: முதல் சில வாரங்கள்

முதல் வாரம் யார் கையிலும் குச்சியைக் கொடுக்காதீர்கள். 'த', 'கு', 'தீம்' மூன்றும் முதலில் வாயில் வரட்டும், கூடவே காலிலும் வரட்டும். 'த' வலக்கை அடிக்குச்சிக்கு, 'கு' இடக்கை சிண்டுக்குச்சிக்கு, இரண்டும் ஒட்டி விழுந்தால் 'தீம்'. அடியை வாயால் சொல்லும் இந்தச் சொற்கட்டு ஆசானுக்கு ஆசான் மாறும். உங்கள் வகுப்புக்கு ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். வாயில் தடுமாறுகிறவர் குச்சி பிடித்தால் இன்னும் தடுமாறுவார்.

அடிக்குச்சி குட்டை, தடிமன், சுமார் 18 செ.மீ.; வலக்கைக்கு. சிண்டு மெல்லிசு, சுமார் 28 செ.மீ.; இடக்கைக்கு. புதியவர்கள் கோட்டை விடுவது சிண்டில்தான். நுனி மட்டும் பட்டால் 'டிக்' என்று கடிகாரம் மாதிரி கேட்கும். குச்சியின் நீளம் முழுக்கத் தோலில் படிந்து அறைய வேண்டும். பறை நழுவிவிடுமோ என்று இடக்கை விளிம்பை இறுக்கிப் பிடிப்பதால்தான் இது வராது. வாரைக் குட்டையாக்கிப் பாரத்தைத் தோளுக்குக் கொடுங்கள், மணிக்கட்டு தானே இளகும். அடிக்குச்சியைத் தோலில் ஊன்றக் கூடாது. பட்டதும் துள்ள வேண்டும், ஊன்றினால் நாதம் செத்துவிடும்.

பெங்களூரு மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து 'தொப் தொப்' என்னும். வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்திக் காய்ச்ச வேண்டும். அதற்குக் கல்லூரியில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், கட்டடத்துக்குள் வேண்டவே வேண்டாம். தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் தோல் கருகும், விளிம்பில் பசை விடும். அவ்வப்போது விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்றதும் எடுத்துவிடுங்கள். ஆற ஆற மறுபடி இறங்கும், ஆகவே வகுப்பு நடுவில் இன்னொரு சூடு. ஃபைபர் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை; பழக அது போதும், மேடைக்கு மாட்டுத்தோல்தான்.

"இது சாவுக்கு அடிக்கிறதுதானே சார்?" என்று யாராவது கேட்பார்கள். மழுப்பாதீர்கள். சாதி எப்படி இந்தக் கருவியின் மேல் ஏற்றப்பட்டது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசுங்கள். கன்னடப் பிள்ளைகளுக்குப் பறை மாதிரியான தங்கள் ஊர்த் தோற்கருவி தமட்டெ தெரியும், அங்கிருந்தே தொடங்கலாம். தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இலும், பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இலும் பத்மஸ்ரீ அறிவித்ததையும் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பறையைச் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். காற்றாட ஆணியில் மாட்டுங்கள், பிளாஸ்டிக் பையில் சுற்ற வேண்டாம்.