முனையத்திலேயே ஸ்லைடு காட்டலாம்: எம்டிபி பயன்படுத்தும் முறை

நிரலாக்கம், சேவையகப் பராமரிப்பு, லினக்ஸ் போன்ற பொருள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேடையில் செய்துகாட்டுவதில் பெரும்பகுதி, கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் சாளரமான முனையத்தில்தான் நடக்கிறது. அப்படியிருக்க, ஸ்லைடுகளுக்காக மட்டும் வேறொரு கனமான மென்பொருளைத் திறப்பதும், செயல்விளக்கம் வந்ததும் அதை ஒதுக்கிவிட்டு முனையத்துக்கு வருவதும், முடிந்ததும் மறுபடி அதையே தேடிப் போவதுமாக இருந்தால், பேசுகிறவரின் கவனமும் கேட்கிறவர்களின் கவனமும் ஒருசேரக் கலைகின்றன. ஸ்லைடுகளையும் முனையத்திலேயே காட்டிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. இதற்கென்று உள்ள சில மென்பொருள்களுள், சிறியதும் கற்றுக்கொள்ள எளியதுமான எம்டிபி என்பதை நிறுவுவது முதல் அவையின் முன் காட்டுவது வரை இங்கே விளக்குகிறேன்.

எம்டிபி, சி மொழியில், முனையத் திரையை வடிவமைக்க உதவும் என்கர்சஸ் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். குனு பொது உரிமம் மூன்றாம் பதிப்பின்படி வழங்கப்படுகிறது. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையில் எழுதிய ஓர் உரைக்கோப்பை வாங்கிக்கொண்டு, அதை ஸ்லைடு ஸ்லைடாகப் பிரித்து முனையத்தில் காட்டுவது ஒன்றே இதன் வேலை. வரைகலை இடைமுகம் தேவையில்லை என்பதால், எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்த தொலைதூரக் கணினியிலும் இது இயங்கும். உங்கள் பேச்சு முழுவதும் வெறும் உரைக்கோப்பாக இருப்பதால், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்னும் மென்பொருளின் களஞ்சியத்தில் அதை வைத்து, சென்ற ஆண்டு பேசியதற்கும் இந்த ஆண்டு பேசப்போவதற்கும் எந்த வரியில் என்ன வேறுபாடு என்று பார்க்கவும் முடியும். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை என்பது என் கருத்து.

டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியவற்றின் மென்பொருள் களஞ்சியங்களிலும், மேக் கணினிகளுக்கான ஹோம்புரூவிலும் இது எம், டி, பி என்ற மூன்று சிற்றெழுத்துகளாலான பெயரிலேயே கிடைக்கிறது. உபுண்டு பயன்படுத்துகிறவர்கள் முனையத்தைத் திறந்து, சூடோ ஏபிடி இன்ஸ்டால் எம்டிபி என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட்டால் போதும்.

அடுத்து, உங்களுக்குப் பழக்கமான எந்த உரைத்திருத்தியிலும் ஒரு புதிய கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கலாம். கோப்பின் பெயர் தமிழில் இருந்தாலும் லினக்ஸில் தடையில்லை. கிட் பற்றிய ஓர் அறிமுகப் பேச்சின் தொடக்கம் இப்படி இருக்கும் என்று கொள்வோம்:

% கிட்: ஓர் அறிமுகம்
% உங்கள் பெயர்
% பேசும் தேதி

-> # கிட் <-

-> லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 <-

---

# பதிப்புக் கட்டுப்பாடு எதற்கு?

* யார் மாற்றினார்?
^
* எப்போது மாற்றினார்?
^
* *ஏன்* மாற்றினார்?

---

இந்தச் சிறு எடுத்துக்காட்டிலேயே எம்டிபியின் பெரும்பாலான இலக்கணம் அடங்கியிருக்கிறது. விழுக்காட்டுக் குறியில் தொடங்கும் முதல் மூன்று வரிகள் முறையே தலைப்பு, பேசுகிறவர், தேதி ஆகியவற்றுக்கு உரியவை. தலைப்பு ஒவ்வொரு ஸ்லைடின் உச்சியிலும், பேசுகிறவரின் பெயர் அடியிலும் தானாகவே தோன்றும். விழுக்காட்டுக் குறிக்கும் அதையடுத்த சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. மூன்று சிறுகோடுகள் மட்டும் கொண்ட வரி ஒரு ஸ்லைடு முடிந்து அடுத்தது தொடங்குவதைக் குறிக்கிறது. அந்த வரிக்கு மேலே ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும். மார்க்டவுனில் ஓர் உரைவரியை ஒட்டி அதன் கீழே கோடு வரைந்தால் அந்த வரி தலைப்பாகிவிடும் என்பது விதி. எனவே வெற்று வரி விடாமல் கோடு போட்டால், ஸ்லைடு பிரியாமல், கடைசி வரி மட்டும் தலைப்பு வடிவம் பெற்று நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே.

இடப்பக்கம் வலம் நோக்கிய அம்பும், வலப்பக்கம் இடம் நோக்கிய அம்பும் இட்டால் அந்த வரி நடுவில் நிற்கும். ஒற்றை நட்சத்திரக் குறிகளுக்கு இடைப்பட்ட சொல் தடித்த எழுத்தாகவும், அடிக்கோட்டுக் குறிகளுக்கு இடைப்பட்டது அடிக்கோடிட்டும் காட்டப்படும். தமிழ்ச் சொற்களுக்கு நான் தடித்த எழுத்தையே பரிந்துரைப்பேன். அடிக்கோடிட்டால் கு, ழு, ரூ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி கோட்டோடு ஒட்டிப் படிக்கச் சிரமமாகிறது. நட்சத்திரக் குறியை அந்தக் குறியாகவே காட்ட வேண்டுமானால் அதன் முன்னே ஒரு பின்சாய்கோடு இடுங்கள். நிரல் வரிகளை நான்கு இடைவெளி உள்தள்ளி எழுதினால் அவை தனிப் பின்னணி நிறத்தில் வரும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும்: பத்தியின் முதல் வரியை உள்தள்ளி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் அதை இங்கே கைவிடாவிட்டால், சாதாரண வாக்கியமும் நிரலாகத் தோற்றமளிக்கும்.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் தனி வரியாக நிற்கும் தொப்பிக் குறி நிறுத்தற்குறியாகும். ஸ்லைடைக் காட்டும்போது எம்டிபி அந்த இடத்தில் நின்று, நீங்கள் விசையை அழுத்திய பிறகே அடுத்த வரியைக் காட்டும். கேள்வியை முதலில் காட்டி, அவையினரைச் சிறிது எண்ணவிட்டு, பிறகு விடையைக் காட்டுவதற்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இதை இட்டால், அவையினர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கத் தொடங்குவார்கள். ஒரு ஸ்லைடில் ஓரிரு இடங்களுக்கு மேல் தேவைப்படாது.

கோப்பைச் சேமித்த பின், எம்டிபி என்று தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் முதல் ஸ்லைடு திரையில் விரியும். இடைவெளி விசை, என்டர், வலப்பக்க அம்பு, பேஜ் டவுன் ஆகிய எதை அழுத்தினாலும் அடுத்த ஸ்லைடு வரும். பேக்ஸ்பேஸ், இடப்பக்க அம்பு, பேஜ் அப் ஆகியவை முந்தைய ஸ்லைடுக்குக் கொண்டுசெல்லும். விஐ திருத்தியில் பழகிய கைகளுக்கு ஹெச், ஜே, கே, எல் விசைகளும் உண்டு. சிறிய ஜி முதல் ஸ்லைடுக்கும் பெரிய ஜி கடைசி ஸ்லைடுக்கும் அழைத்துச்செல்லும். எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுள்ள ஸ்லைடு வரும். கேள்வி நேரத்தில், நான்காவது ஸ்லைடை மறுபடி காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டால் நான்கை அழுத்தினால் போதும் என்பது மேடையில் நிற்கும்போது பெரிய ஆறுதல். ஆர் விசை கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும், கியூ விசை வெளியேறும். ஒரு சாளரத்தில் திருத்தியும் மற்றொன்றில் எம்டிபியுமாக வைத்துக்கொண்டு, சேமித்ததும் ஆர் விசையை அழுத்திப் பார்த்துப் பார்த்து எழுதுவதே நல்ல வழக்கம்.

கோப்பின் பெயரைக் கொடுக்காவிட்டால் எம்டிபி இயல்பு உள்ளீட்டிலிருந்து படிக்கும். ஆகவே, தனித்தனிக் கோப்புகளாக எழுதிய பாடங்களை கேட் கட்டளையால் இணைத்து, ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாக அனுப்பும் குழாய்க்குறி வழியாக நேரே இதற்குள் செலுத்தலாம். அவ்வாறு செய்யும்போது ஆர் விசை பயன்படாது. மறுபடி படிக்க அங்கே கோப்பு ஏதும் இல்லையல்லவா?

பேச்சு நாளன்று முக்கியமாவது எழுத்தின் அளவு. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டுமானால், கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தி முனையத்தின் எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். அப்படிப் பெரிதாக்கும்போது திரையில் கொள்ளும் வரிகளின் எண்ணிக்கை குறைகிறது. நீளவாக்கில் இடம் போதாதபோது எம்டிபி வரியைச் சொல் இடைவெளியில் மடக்கிக்கொள்ளும். ஆனால் உயரவாக்கில் இடம் போதாவிட்டால் ஸ்லைடை வெட்டிக் காட்டாமல், முனையத்தின் உயரம் போதவில்லை என்றும் இன்ன எண்ணுள்ள ஸ்லைடுக்கு இத்தனை வரிகள் வேண்டும் என்றும் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். முதலில் இது கண்டிப்பாகத் தோன்றினாலும், இதை நான் இந்த மென்பொருளின் சிறந்த குணமாகவே கருதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் திணித்த ஸ்லைடை எவரும் படிப்பதில்லை. அதைப் பேச்சுக்கு முன்பே மறித்துச் சொல்கிற கருவி நமக்கு நன்மையே செய்கிறது. ஆகையால், வழக்கமான எண்பது நெடுவரிசை, இருபத்துநான்கு வரி அளவில் எழுதி முடித்துவிட்டு, அரங்கில் பயன்படுத்தப்போகும் பெரிய எழுத்தளவில் ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், ஸ்லைடை இரண்டாகப் பிரியுங்கள்.

எம்டிபி இயல்பாகக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் காட்டும். வெளிச்சம் மிகுந்த வகுப்பறையில், ஒளி குன்றிய புரொஜெக்டரில் இது எடுபடாது. கட்டளையோடு கழித்தல் குறியும் ஐ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். 256 நிறங்களைக் காட்டும் முனையத்தில் ஒரு ஸ்லைடு மங்கி மற்றொன்று தெளிவது அழகாக இருக்கும். தொலைதூர இணைப்பு மெதுவாக இருந்தால் கழித்தல் எஃப் கொடுத்து அதை நிறுத்திவிடலாம். கழித்தல் எஸ் கொடுத்தால் அடியில் உள்ள ஸ்லைடு எண் மறையும்.

இனி, தமிழில் ஸ்லைடு எழுதுகிறவர்கள் தனியே கவனிக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலாவது, முனையத்தின் மொழிச்சூழல் யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். லொக்கேல் என்ற கட்டளையை இட்டால் வரும் விடையில் அந்தச் சொல் இல்லையென்றால், தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் வரக்கூடும். புதிதாக நிறுவிய சேவையகங்களில் இது அடிக்கடி நேர்வது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. முனையம் என்பது சம அளவுள்ள கட்டங்களாலான ஒரு வலை. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் ஆங்கிலத்துக்காக வடிவமைக்கப்பட்டது. தமிழில் கொ என்ற ஓரெழுத்து, யுனிகோடில் க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த வடிவமைப்பைச் செய்யாத முனையங்களில் கொம்பும் காலும் இடம் மாறியோ, புள்ளிவட்டத்தோடு தனித்தோ நிற்கும். ண, ஊ, ஞ போன்ற அகன்ற எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த எழுத்தின்மேல் ஏறிவிடுவதும் உண்டு. இது எம்டிபியின் குறையன்று. எழுத்தை வரைவது முனையத்தின் பொறுப்பு. இந்திய எழுத்துகளுக்கான ஆதரவோடு உருவாக்கப்பட்ட எம்எல்டெர்ம், கேடிஈ சூழலின் கான்சோல் ஆகியவற்றைச் சோதித்துப் பார்த்து, உங்கள் கணினியில் எது தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். எந்த முனையமானாலும், வரைகிற அகலமும் எண்ணுகிற அகலமும் தமிழில் முற்றிலும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே நடுவில் நிறுத்திய தமிழ் வரி சற்று ஒதுங்கி நிற்கலாம்; இடைவெளி விட்டு விட்டு அமைத்த அட்டவணைகளின் பத்திகள் நேராக வாரா. தமிழ் ஸ்லைடுகளில் அட்டவணையைத் தவிர்த்து, இடப்பக்கம் தொடங்கும் குறுகிய வரிகளையும் பட்டியல்களையும் கையாள்வதே நலம்.

படங்களை எம்டிபி காட்டாது. பேசுகிறவர் மட்டும் பார்க்கும் குறிப்புகளுக்கும் இதில் இடமில்லை, அவற்றைத் தாளில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். படம் இன்றியமையாததென்றால் இதே உரைக்கோப்பு முறையில் இயங்கும் சென்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அது எக்ஸ் சாளரத்தில் இயங்குவது, அதன் எழுத்து வரையும் முறையில் தமிழ் உருக்குலையும்.

பேச்சுக்குப் பிறகு ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆகக் கேட்பவர்களுக்கு, ஜான் மெக்ஃபார்லேன் உருவாக்கிய பேன்டாக் வழியாக இதே கோப்பை மாற்றித் தரலாம். தொடக்கத்தில் உள்ள மூன்று விழுக்காட்டு வரிகளைப் பேன்டாக்கும் அதே வரிசையில் தலைப்பு, ஆசிரியர், தேதி என்று புரிந்துகொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் சில உண்டு. ஒற்றை நட்சத்திரக் குறிகளைப் பேன்டாக் தடித்த எழுத்தாக்காமல் சாய்வெழுத்தாக்கும். தொப்பிக் குறி வரிகளும் நடுவில் நிறுத்தும் அம்புகளும் அதற்குப் பொருளற்றவை என்பதால் அப்படியே அச்சாகிவிடும். ஆகவே மூலக்கோப்பைத் தொடாமல், அதன் நகலொன்றில், உரையைத் திருத்தும் செட் கட்டளையைக் கொண்டு அந்த வரிகளையும் அம்புகளையும் நீக்கிவிட்டு, அந்த நகலைப் பேன்டாக்கிடம் கொடுங்கள்.